குழந்தையின்மை சிகிச்சையில் மன உளைச்சலை அளப்பது எப்படி?

கல்யாணமாகி ஒரு வருடம் ஆனால் போதும், "வீட்ல ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்க யாராவது வந்துவிடுவார்கள். கேட்டவருக்கு அது வெறும் நலம் விசாரிப்பு. சிகிச்சையில் இருக்கும் பெண்ணுக்கோ அன்று முழுக்கக் கை வேலையில் ஓடாது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஒரு சொட்டில் பார்த்துவிடலாம். இந்த வேதனை எவ்வளவு என்பதை அவரிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதைக் கேட்பது, சிகிச்சையின் எந்த நாளில் கேட்பது, வந்த விடையை எப்படி எண்ணாக்குவது, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்று பார்ப்போம். கருத்தரிப்பு மையங்களில் வேலை பார்க்கும் செவிலியர், ஆலோசகர், இந்தத் துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர், கையில் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டு "இது எதுக்கு?" என்று யோசிக்கும் தம்பதி, எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் 'மன அழுத்தம்' ஒரே சொல்லாக இரண்டு வேலை பார்க்கிறது. ஸ்ட்ரெஸ் என்பதற்கும் அதையே எழுதுகிறோம், டிப்ரஷன் என்பதற்கும் பல செய்தித்தாள்கள் அதையே எழுதுகின்றன. பேச்சில் இது பரவாயில்லை, அளவீட்டில் கூடாது. இங்கே மூன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். என்ன நடக்குமோ என்று மனம் அடித்துக்கொள்வது பதற்றம். எதிலும் பிடிப்பில்லாமல், நம்பிக்கை வறண்டு, நாள் முழுதும் கனமாகக் கிடப்பது மனச்சோர்வு. குழந்தை இல்லை என்பதாலும் அதற்கான சிகிச்சையாலும் குறிப்பாக வருகிற பாரம் குழந்தையின்மை சார்ந்த மன உளைச்சல். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வரும், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. ஒரு பெண் நன்றாகத் தூங்குவார், சாப்பிடுவார், வேலைக்குப் போவார், மனச்சோர்வுக் கேள்வித்தாளில் எல்லாம் இயல்பாகவே வரும். அதே பெண் மூன்று வருடமாக ஒரு வளைகாப்புக்கும் போகாதவராக இருக்கலாம். பொதுவான அளவுகோலின் கண்ணில் அது படாது.

பொதுவான அளவுகோல்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பி.எச்.க்யூ-9 மனச்சோர்வுக்கானது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 0 முதல் 27. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், 10-ஐத் தொட்டால் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜி.ஏ.டி-7 பதற்றத்துக்கானது, மொத்தம் 21. பி.எஸ்.எஸ்-10 கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை எவ்வளவு கைமீறிப் போனதாகத் தோன்றியது என்று கேட்பது, மொத்தம் 40. இவை எல்லா நோயாளிகளுக்கும் பயன்படுபவை, அதனால் குழந்தையின்மை உள்ளவர்களை மற்றவர்களோடு ஒப்பிட உதவும்.

ஆனால் கருத்தரிப்பு சிகிச்சையில் இவற்றுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. பி.எச்.க்யூ-9 தூக்கம், களைப்பு, பசி ஆகியவற்றைப் பற்றியும் கேட்கிறது. கருப்பையில் கரு வைத்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் களைப்பும் வயிற்று உப்புசமும் மருந்தாலேயே வரும். முட்டை வளர ஊசி போடும் நாட்களிலும் வயிறு கனத்துத் தூக்கம் கெடும். இந்த மூன்று கேள்விகளுக்கும் 2 என்று போட்டாலே 6 வந்துவிடுகிறது, மனம் தெளிவாக இருந்தாலும் கூட. அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள். எதிலும் நாட்டமில்லாமை, சோர்ந்த மனநிலை ஆகிய அந்த இரண்டும் மருந்தின் உடல் விளைவோடு எளிதில் குழம்பாதவை. பதற்றம், மனச்சோர்வு இரண்டையும் அளக்கும் எச்.ஏ.டி.எஸ். என்ற 14 கேள்விகள் கொண்ட அளவுகோல் 1983-இல் மருத்துவமனை நோயாளிகளுக்காகவே உருவாக்கப்பட்டது. அதில் இப்படி உடல் நோயோடு கலந்துவிடும் அறிகுறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஊசி போடும் நாட்களில் அளக்க வேண்டியிருந்தால் அதுவே பொருத்தம்.

இனி குழந்தையின்மைக்கென்றே செய்த அளவுகோல்கள். இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

கனடாவில் நியூட்டனும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட எஃப்.பி.ஐ. (Fertility Problem Inventory, குழந்தையின்மைச் சிக்கல் கேள்வித்தாள்) ஆய்வுகளில் அதிகம் காணப்படுவது. 46 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறீர்கள், எவ்வளவு மறுக்கிறீர்கள் என்று ஆறு படிகளில் குறிக்க வேண்டும். இந்த 46-உம் ஐந்து கட்டுகளாகப் பிரியும். அக்கம்பக்கமும் உறவும் தரும் சங்கடம் 10, தாம்பத்தியத்தில் வரும் சிக்கல் 8, கணவன் மனைவி உறவில் வரும் விரிசல் 10, குழந்தையில்லாத வாழ்க்கையை ஏற்க முடியாமை 8, பெற்றோராக வேண்டும் என்ற வேட்கை 10. மொத்தம் 46 முதல் 276 வரை. எண் கூடினால் உளைச்சல் கூடுதல்.

மொத்த எண்ணைவிட இந்த ஐந்து கட்டுகளுக்குத்தான் மதிப்பு. ஒரே 160 எடுத்த இருவரில் ஒருவருக்குச் சுமை மாமியார் வீட்டிலிருந்து வந்திருக்கலாம், இன்னொருவருக்கு 'இன்றைக்கு முட்டை வெடிக்கும் நாள்' என்று தேதி பார்த்துச் சேர வேண்டியிருப்பதால் படுக்கையறையே கசந்துபோயிருக்கலாம். இருவருக்கும் ஒரே ஆலோசனை சொன்னால் ஒருவருக்கும் பயன்படாது. கடைசி இரண்டு கட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழந்தையே குடும்பத்தின் முழுமை என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிற ஊரில், 'குழந்தையில்லாமலும் வாழலாம்' என்ற வகை வாக்கியத்துக்கு எல்லாரும் ஒரே மூலையில் டிக் அடித்துவிட வாய்ப்பு உண்டு. எல்லாரும் உச்ச எண்ணே வாங்கினால் யார் அதிகம் தவிக்கிறார் என்று அந்தக் கட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. எடை பார்க்கும் தராசு 50 கிலோவோடு நின்றுவிட்டால் 60-உம் 80-உம் ஒன்றாகத் தெரிவது போல.

இரண்டாவது, ஃபெர்டிக்வால். ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கங்களின் முயற்சியில் உருவாகி 2011-இல் வெளிவந்தது, கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி போய்வின் முன்னின்று செய்தது. உளைச்சலை நேரடியாகக் கேட்காமல், குழந்தையின்மை வாழ்க்கைத் தரத்தை எவ்வளவு தொட்டிருக்கிறது என்று கேட்கும். மொத்தம் 36 கேள்விகள். அதில் 24 மையக் கேள்விகள், உணர்வு, மனமும் உடலும், துணையுடனான உறவு, சமூகம் என்று நான்கு கட்டுகளாக, கட்டுக்கு ஆறு. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் 10 கேள்விகள்: மையத்தின் சூழல் பற்றி 6, சிகிச்சையைத் தாங்க முடிகிறதா என்பது பற்றி 4. மீதி இரண்டும் பொதுவான உடல்நலம், வாழ்க்கை நிறைவு பற்றியவை, அவை மதிப்பெண்ணில் சேராது.

கணக்கு எளிது. ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 4. ஒரு கட்டின் கூட்டுத்தொகையை 25-ஆல் பெருக்கி, அந்தக் கட்டில் உள்ள கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 0 முதல் 100-க்குள் ஓர் எண் கிடைக்கும். ஒரு பெண்ணின் தாளில் உணர்வு 13, மனமும் உடலும் 12, உறவு 19, சமூகம் 9 என்று வைத்துக்கொள்வோம். உணர்வுக்கு 13 × 25 ÷ 6, அதாவது 54. மனமும் உடலும் 50. உறவு 79. சமூகம் 37.5. மொத்தம் 53 × 25 ÷ 24, அதாவது 55. '55' என்று மட்டும் கோப்பில் எழுதினால் ஒன்றும் விளங்காது. நான்கையும் பக்கத்தில் வைத்தால் கதை தெரிகிறது: கணவர் தோள் கொடுக்கிறார், ஊர்தான் வாட்டுகிறது. ஆலோசகர் எங்கே தொடங்க வேண்டும் என்பது அந்த 37.5-இல் இருக்கிறது.

இங்கே பலரும் இடறும் கல் ஒன்று உண்டு. எஃப்.பி.ஐ.யில் எண் ஏறினால் நிலைமை மோசம், ஃபெர்டிக்வாலில் எண் ஏறினால் நிலைமை நல்லது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடும்போது எது எந்தப் பக்கம் என்று தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். அதோடு, பெரும்பாலான கேள்வித்தாள்களில் சில கேள்விகள் தலைகீழாக இருக்கும். அவற்றின் விடையைத் திருப்பிப் போட்ட பிறகே கூட்ட வேண்டும். பி.எஸ்.எஸ்-10-இல் 4, 5, 7, 8 ஆகியவை அப்படிப்பட்டவை. எந்தக் கவலையும் இல்லாத ஒருவர் இந்த நான்கிலும் 4 போடுவார், மற்ற ஆறிலும் 0 போடுவார். திருப்பாமல் கூட்டினால் அவருக்கு 16 வரும், உண்மையில் வர வேண்டியது 0. எக்செல் தாளில் தட்டச்சு செய்பவருக்கு இதை யாரும் சொல்லித்தராத ஆய்வுகளில் இந்தத் தவறு கடைசி வரை கண்ணில் படாமலே போகும்.

வேறு இரண்டைப் பெயரளவில் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். டென்மார்க்கில் உருவான காம்பி 14 கேள்விகளில் தனிமனித, சமூக, மணவாழ்க்கை உளைச்சலை அளக்கும். நேரம் குறைவாக இருக்கும் இடங்களுக்கு ஏற்றது. நெதர்லாந்தில் ஃபெர்ஹாக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஸ்க்ரீன் ஐ.வி.எஃப். 34 கேள்விகள் கொண்டது. இதன் நோக்கமே வேறு. இப்போது எவ்வளவு உளைச்சல் என்பதைவிட, சிகிச்சை முடிந்த பிறகு யார் மனதளவில் தடுமாறக்கூடும் என்று தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப் பார்க்கிறது. பதற்றம், மனச்சோர்வு, ஆதரவு, கையறு நிலை, ஏற்றுக்கொள்ளும் மனம் என ஐந்தைக் கேட்கும். 2015-இல் வந்த ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி சிகிச்சைக்கு முன்பே இதைப் பயன்படுத்தலாம் என்று சுட்டுகிறது.

எந்த நாளில்?

கேள்வித்தாளைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், எந்த நாளில் கொடுப்பது என்பதை வரவேற்பறை ஊழியரிடம் விட்டுவிடுகிறார்கள். அளவீடு கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

ஒரு ஐ.வி.எஃப். சுற்றை, அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி வைக்கும் சிகிச்சையை, நினைத்துப் பாருங்கள். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஊசி தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசியும் ஸ்கேனுமாக ஓடும். பிறகு முட்டை எடுப்பார்கள். மறுநாள், எத்தனை முட்டை கருவாயின என்று போன் வரும். மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கரு வைப்பார்கள். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் ஒன்றும் செய்ய முடியாத காத்திருப்பு, கடைசியில் கர்ப்பம் தரித்ததா என்று காட்டும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை. ஊசி நாட்களில் வேலை இருக்கிறது, டாக்டரைப் பார்க்கிறார்கள், ஸ்கேனில் முட்டை வளர்வதைக் காண்கிறார்கள், அதனால் பிடிப்பும் இருக்கிறது. காத்திருப்பில் எதுவும் இல்லை. தினமும் குறிப்பெழுதச் சொல்லி நடத்திய ஆய்வுகளில் முட்டை எடுக்கும் நேரத்திலும், பரிசோதனை நாள் நெருங்க நெருங்கவும் பதற்றம் ஏறுவதைக் காணலாம். அதே நாட்களில் நம்பிக்கையும் சேர்ந்தே இருக்கும். இதனால்தான் காத்திருப்பு நாட்களுக்கான தாளில் துன்ப உணர்வுகளை மட்டும் கேட்காமல் நம்பிக்கை, மகிழ்ச்சி ஆகியவற்றையும் கேட்கிறார்கள். அங்கே 46 கேள்வி கொடுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து உணர்ச்சிச் சொற்களுக்கு எதிரே 0 முதல் 3 வரை குறிக்கும் ஒரு பக்கத் தாள் போதும், இரவு படுக்கும் முன் இரண்டு நிமிட வேலை.

கேள்வித்தாள் எந்தக் காலத்தைக் கேட்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. பி.எஸ்.எஸ்-10 கடந்த ஒரு மாதத்தைக் கேட்கிறது. கரு வைக்கும் நாளில் அதைக் கொடுத்தால், ஊசிக்கு முந்தைய அமைதியான நாட்கள், ஊசி நாட்கள், முட்டை எடுத்த வலி எல்லாம் ஒரே எண்ணில் கலந்துவிடும். சாம்பாரை ருசித்து எந்தக் காயில் உப்பு குறைவு என்று சொல்லச் சொல்வது மாதிரி.

நடைமுறையில் மூன்று தடவை அளந்தால் பெரும்பாலான மையங்களுக்குப் போதும். முதல் அளவு மருந்து தொடங்கும் முன்; இது இல்லாமல் பிறகு எடுக்கும் எந்த எண்ணையும் ஒப்பிட முடியாது. இரண்டாவது காத்திருப்பின் நடுவில், சுருக்கமான தாளில். மூன்றாவது முடிவு தெரிந்து சில வாரங்கள் கழித்து. முடிவு தெரிந்த அன்றே தாளை நீட்டுவது அளவீட்டுக்கும் நல்லதல்ல, மனிதத்தன்மையும் அல்ல. 'நெகட்டிவ்' என்று வந்தவர்கள் பலர் மையத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. அதனால் மூன்றாவது அளவுக்குப் போனில் அழைக்க முதல் நாளே சம்மதம் வாங்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது அளவில் மிஞ்சுபவர்கள் கருத்தரித்தவர்கள் மட்டுமே, 'சிகிச்சைக்குப் பின் உளைச்சல் குறைந்தது' என்று ஒரு பொய் முடிவு கிடைக்கும்.

எங்கே, யாருடன்?

கணவனும் மனைவியும் தனித்தனியே, ஒரே நேரத்தில், ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்காமல் நிரப்ப வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வராந்தாவில் கொடுத்த தாளில் 'குடும்பத்தினரின் ஆதரவு' என்ற இடத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும். 'அவளுக்கு எழுத வராது, நானே போடறேன்' என்று கணவர் பேனாவை வாங்கினால் அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காமல், செவிலியர் ஒருவர் தனி அறையில் வாசித்துக் கேட்டு நிரப்புவதே சரி. அப்படி நிரப்பியதைத் தாளின் மூலையில் குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் முகம் பார்த்துச் சொல்லும் விடை கொஞ்சம் மென்மையாகத்தான் வரும்.

இன்னொரு பயம் வெளியே தெரியாது. அதிகமாகப் போட்டால் 'மனசு சரியில்லை, முதலில் அதைச் சரிபண்ணிட்டு வாங்க' என்று சிகிச்சையைத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். வயது ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மூன்று மாதம் தள்ளிப்போவது சின்ன விஷயமல்ல. 'இந்த விடைகளால் உங்கள் சிகிச்சை நிற்காது' என்று தாளின் முதல் வரியிலேயே எழுதி, வாயாலும் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

ஆண்களின் எண் பெண்களைவிடக் குறைவாக வருவதே வழக்கம். அதைப் பார்த்து 'அவருக்கு ஒன்றுமில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். குறைபாடு விந்தணுவில் என்று தெரிந்த ஆண் அதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல், மனைவி பெயரில் பழி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. அந்தக் குற்றவுணர்வுக்குப் பொதுவான தாளில் பெட்டி கிடையாது.

தமிழில் கேட்பது

ஆங்கிலத் தாளை அங்கேயே வாய்மொழியாகத் தமிழாக்கிக் கேட்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. ஒரே கேள்வியை மூன்று செவிலியர் மூன்று விதமாகக் கேட்டால் அளப்பது நோயாளியின் மனதையா, செவிலியரின் தமிழையா? முறைப்படி செய்வதென்றால், உரிமையாளரிடம் அனுமதி பெற்ற பிறகு இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். பொருள் மாறிய இடங்களைத் திருத்திவிட்டு, சிகிச்சையில் இருக்கும் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து, 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்பார்கள். பிழைகள் அதிகம் வெளியே வருவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

விடைப் படிகளைப் பாருங்கள். 'சிறிதும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, அதிகம், மிக அதிகம்.' இதில் 'கொஞ்சம்' பெரிதா 'ஓரளவு' பெரிதா என்று பத்துப் பேரைக் கேட்டால் தகராறு வரும். படிகளுக்கு மேல் ஏறிக்கொண்டே போகும் கட்டங்களை வரைந்துவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும். இரட்டை எதிர்மறை இன்னொரு தொல்லை. 'குழந்தை இல்லாமல் மகிழ்ச்சியாக இருக்க முடியாது என்று நான் நினைப்பதில்லை' என்ற வாக்கியத்துக்கு 'ஆம்' என்றால் என்ன பொருள் என்று படித்தவருக்கே இரண்டு முறை யோசிக்க வேண்டும். 'குழந்தை இல்லாவிட்டாலும் மகிழ்ச்சியாக இருக்க முடியும்' என்று நேராகக் கேட்டுவிடலாம். தாம்பத்தியக் கேள்விகளில் புத்தகச் சொல் போட்டால் புரியாது, தெருச்சொல் போட்டால் தாளை மூடிவிடுவார்கள். 'கணவருடன் சேர்ந்திருப்பது' என்பது பெரும்பாலும் இடையூறில்லாமல் போகும்.

மொழிபெயர்த்த தாளின் கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று அறிய க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைப் பார்ப்பார்கள். ஒரே கட்டில் உள்ள கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றனவா என்று சொல்வது அது. 0.70-க்குக் கீழே போனால் மொழிபெயர்ப்பில் எங்கோ ஓட்டை இருக்கலாம்.

எண் எவ்வளவு மாறினால் அது மாற்றம்?

ஃபெர்டிக்வாலில் ஆலோசனைக்கு முன் 55, பின் 61. முன்னேற்றமா? அவசரப்படக் கூடாது. எந்தக் கேள்வித்தாளுக்கும் ஒரு தள்ளாட்டம் உண்டு. அந்தத் தள்ளாட்டத்தின் அளவான திட்டப்பிழையைக் கண்டுபிடிக்க, மக்களிடையே எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற திட்ட விலக்கத்தை எடுத்து, 1-இலிருந்து நம்பகத்தன்மையை (மேலே சொன்ன ஆல்ஃபா போன்ற எண்) கழித்ததன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, விலக்கம் 15, நம்பகத்தன்மை 0.84 என்றால் 15 × 0.4, அதாவது 6. ஒரே நபரை இரண்டு தடவை அளந்து கிடைத்த வித்தியாசம் தற்செயலானது அல்ல என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, அது இந்த 6-ஐப் போல் சுமார் 2.8 மடங்கு, அதாவது 17-ஐத் தாண்ட வேண்டும். 55 இலிருந்து 61 என்பது அந்த ஒருவர் விஷயத்தில் வெறும் தள்ளாட்டமாகவே இருக்கலாம். நூறு பேரின் சராசரி 55 இலிருந்து 61 ஆனால் அது வேறு கதை.

'இதெல்லாம் எதற்கு, ரத்தத்தில் ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்ட்டிசாலைப் பார்த்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வித்தாளைவிட விஞ்ஞானமாகத் தெரிகிறது, ஆனால் இந்தச் சிகிச்சையில் அது இன்னும் வழுக்கலானது. ஊசி நாட்களில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறும். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் கார்ட்டிசாலைத் தாங்கிச் செல்லும் புரதமும் ஏறும், ரத்தத்தில் மொத்தக் கார்ட்டிசால் கூடுதலாகக் காட்டும். மனதுக்கு அதில் பங்கே இருக்காது. உமிழ்நீரில் பார்த்தால் இந்தச் சிக்கல் குறையும், ஆனால் கண்விழித்து அரை மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போய்ப் பிறகு இரவு வரை இறங்கிக்கொண்டே வரும். எழுந்தவுடன், அரை மணி கழித்து, இரவில் என்று நேரம் தவறாமல், காபி குடிக்காமல், பல் துலக்காமல் எடுத்தால்தான் அர்த்தம். தலைமுடியில் உச்சந்தலையை ஒட்டிய 3 சென்டிமீட்டர் ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கைச் சொல்லும், ஆனால் சாயம் பூசிய முடி சரிவராது. இவை ஆய்வகத்துக்கு உரியவை. ஒரு மையத்தில் யாருக்கு உதவி தேவை என்று முடிவெடுக்க இவற்றால் ஆவதில்லை.

எண்ணைச் சொல்லும்போது

மதிப்பெண்ணைத் தம்பதியிடம் சொல்லும் இடத்தில் ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 'டென்ஷனா இருந்தா கரு ஒட்டாது' என்று சொந்தக்காரர் முதல் சில மருத்துவ ஊழியர் வரை சொல்லிவைத்திருப்பார்கள். எண் அதிகம் என்று கேட்டதும் அந்தப் பெண் மனதில் முதலில் ஓடுவது 'அப்ப இதுவும் என் தப்புதானா?' என்பதுதான். 2011-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு 14 ஆய்வுகளைச் சேர்ந்த 3,583 பெண்களை எடுத்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன்பிருந்த மன உளைச்சலுக்கும் அந்தச் சுற்றில் கருத்தரித்ததற்கும் தொடர்பு தென்படவில்லை. இதை எண்ணோடு சேர்த்தே சொல்ல வேண்டும், கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருக்கக் கூடாது. உளைச்சலைக் குறைப்பது அவர் படும் பாட்டைக் குறைக்கத்தான், மனம் நொந்து சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாமல் இருக்கத்தான்.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் மையங்கள் ஆலோசனை வழங்க வேண்டும் என்கிறது. ஆனால் கேள்வித்தாள் நிரம்பியதும் அது யார் மேசைக்குப் போகிறது என்று சட்டம் சொல்லாது, மையம்தான் முடிவு செய்ய வேண்டும். முக்கியமாக பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி: செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா? அதில் 0 தவிர வேறு எது இருந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அவர் மையத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒருவர் தனியே உட்கார்ந்து பேச வேண்டும், தேவையானால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 எந்த நேரமும் இயங்கும், அதை எழுதிக் கையில் கொடுக்கலாம். மாலையில் தாள்களைக் கட்டாகச் சேர்த்து வாரக் கடைசியில் கணினியில் ஏற்றும் வழக்கமுள்ள இடத்தில், அந்த ஒன்பதாவது கேள்வியை மட்டும் தாளை வாங்கும் கையே அங்கேயே பார்த்துவிட வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால், ஆள் வரும்வரை அந்தத் தாளை விநியோகிக்காமல் இருப்பது மேல்.